மொட்டைமாடிக் காதுகள்

2022 ஜூலையில் மீனம்பாக்கத்தில் ஒரு திமிங்கிலம் இறங்கியது. ஏர்பஸ் நிறுவனத்தின் 'பெலுகா' சரக்கு விமானம். வெள்ளைத் திமிங்கிலத்தின் பெயர், அதே புடைத்த நெற்றி. நீளம் 56 மீட்டர், உயரம் 17 மீட்டருக்கும் மேல். அந்த ரகத்தில் உலகத்துக்கே ஐந்துதான் செய்தார்கள். ஐரோப்பாவில் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை விமான உறுப்புகளைச் சுமப்பதற்கென்று பிறந்த வண்டி அது. 40 டன் ஏற்றிக்கொண்டால் சுமார் 2,780 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் போகாது. அதனால் எரிபொருள் நிரப்பச் சென்னையில் நின்றது. ஊரே படத்தைச் செய்தியில்தான் பார்த்தது. ஆனால் அது தரை தொடும் முன்பே, தங்கள் வீட்டுத் திரையில் 'ஏ3எஸ்டி' என்ற நான்கு எழுத்தைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடியவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

அவர்கள் விமானத் துறை ஆட்கள் அல்ல. மாணவர்கள், கணக்கர்கள், ஓய்வு பெற்றவர்கள். மொட்டைமாடியில் ஒரு கம்பி, அறைக்குள் உள்ளங்கை அகலப் பெட்டி, அதோடு இணைத்த பழைய கணினி. இவ்வளவுதான் அவர்கள் கருவி. அதை வைத்துக்கொண்டு, நம் தலைக்கு மேலே யார் போகிறார்கள், எங்கிருந்து, எவ்வளவு உயரத்தில் என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாடிகளைத் தேடி அடையாற்றில் தொடங்கி, ரிச்சி தெரு, தி.நகர் வழியாக மயிலாப்பூரில் முடித்த பயணம் இது.

அடையாறு

ஆடிக்காற்று வீசும் மாதங்களில் திரு.வி.க. பாலத்தின் மேல் விடிகாலையில் நின்றால், விமானங்கள் கடலிலிருந்து ஊருக்குள் நுழைவதைப் பார்க்கலாம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மேற்கிலிருந்து காற்று என்றால் கிழக்கிலிருந்து வரவேண்டும். பட்டினப்பாக்கம் கரையைத் தாண்டி, ராஜா அண்ணாமலைபுரம், கோட்டூர்புரம், கிண்டி என்று ஒரே நேர்கோட்டில் போய் மீனம்பாக்கத்தைத் தொடுகின்றன. கிலோமீட்டருக்கு ஐம்பத்திரண்டு மீட்டர் வீதம் இறங்கும் மூன்று டிகிரிச் சரிவு. பாலத்துக்கு வடக்கே கடக்கும்போது உயரம் சுமார் 1,500 அடி. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். இறங்குவது மேற்கிலிருந்து, ஏறுவது நம் தலைக்கு மேல்.

இந்த ஆற்றுக்கும் விமானத்துக்கும் வேறு உறவும் உண்டு. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டுத்தான் கடக்கிறது. 2015 டிசம்பரில் ஆறு பொங்கியபோது விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. ஊருக்குள் சிக்கியவர்களுக்காகப் பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து கிளம்பின. கடற்படை விமானங்களுக்கான ஓடுபாதையில் பயணிகள் வரிசையாக ஏறினார்கள். வழக்கத்துக்கு மாறான விமானம் என்று தனியாக ஒன்று இல்லை என்பது அப்போது தெரிந்தது. வழக்கமான விமானம் வழக்கமில்லாத இடத்துக்கு வந்தாலும் கவனிக்க வேண்டியதுதான்.

பாலத்தில் என்னோடு நின்றவர் கோட்டூர்புரத்தில் வசிக்கும் பொறியியல் மாணவி. வீட்டு மாடியில் உள்ள ரிசீவர் என்ன கேட்கிறதோ அது அவர் போனில் வரைபடமாக வந்துவிடும். வழக்கமான ஏர்பஸ்களுக்கும் போயிங்குகளுக்கும் நடுவே ஒரு சிறிய இரட்டை என்ஜின் விமானம் திரையில் தெரிந்தது. கடலுக்கு மேல் வட்டமடித்து, இறங்கும் கோட்டைப் பிடித்து, எங்களுக்கு வடக்கே தாழப் போனது. ஓடுபாதையை நெருங்கியதும் இறங்காமல் மேலே ஏறித் திரும்பியது. மறுபடியும் அதே கோடு. மறுபடியும் ஏற்றம்.

"இது இறங்க வரல சார். அளக்க வந்திருக்கு" என்றார்.

ஓடுபாதையை ஒட்டிய கருவிகளிலிருந்து இரண்டு ரேடியோக் கற்றைகள் வானத்தை நோக்கிக் கிளம்புகின்றன. ஒன்று இடவலத்தைச் சொல்லும், மற்றது சரிவைச் சொல்லும். மழையிலும் மேகத்திலும் கண் தெரியாத விமானி அந்தக் கற்றைகளைப் பிடித்துத்தான் இறங்குகிறார். கற்றை நூல் பிடித்தாற்போல இருக்கிறதா என்று தரையிலிருந்து மட்டும் சோதித்துவிட முடியாது. அதற்கென்றே இந்திய விமான நிலைய ஆணையம் கருவிகள் பொருத்திய சிறு விமானங்களை வைத்திருக்கிறது. ஊர் ஊராகப் போய், ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் பறந்து, அளந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். கார்த்திகை மழையில் நள்ளிரவு நாம் பத்திரமாக இறங்குகிறோம் என்றால், அதற்கான வேலை இப்படி ஆடி மாதக் காலையில் யாரும் பார்க்காதபோது நடந்திருக்கிறது. பாலத்தில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் அது என்ன, எதற்காக வந்திருக்கிறது என்று தெரிந்திருந்தது. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

எப்படித் தெரிகிறது? விமானங்கள் தாமாகவே சொல்கின்றன. ஏடிஎஸ்-பி என்ற ஏற்பாடு. செயற்கைக்கோள் மூலம் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, விநாடிக்கு இரண்டு முறை 1090 மெகாஹெர்ட்ஸில் உரக்க அறிவித்துக்கொண்டே போகிறது விமானம். ஒவ்வொரு அறிவிப்பும் 112 பிட், 120 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் இடம், உயரம் அல்லது வேகம், கூடவே அந்த விமானத்துக்கு மட்டுமே உரிய ஆறு எழுத்து முகவரி. எந்த நாட்டில் பதிவானது என்று முகவரியின் தொடக்கமே காட்டிக்கொடுக்கும். 80 என்று தொடங்கினால் இந்தியா. 770 இலங்கை. 508 உக்ரைன். பூட்டு இல்லை, சாவி இல்லை. பக்கத்து விமானமும் தரையில் இருப்பவரும் கேட்க வேண்டும் என்பதற்காகவே திறந்து வைத்த பேச்சு. கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்கும் அதே பேச்சு கோட்டூர்புரம் மாடிக்கும் கேட்கிறது.

ரிச்சி தெரு

கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினேன். மந்தைவெளி, திருமயிலை, கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் என்று மாடிகளின் மட்டத்திலேயே ஓடும் ரயில். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய வீடுகளின் டிஷ் ஆண்டெனாக்களும் தண்ணீர்த் தொட்டிகளும் ஜன்னலுக்கு நேரே வருகின்றன. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் தேவைப்படும் எவரும் கடைசியில் வந்து சேரும் இடம். தெரு என்று பெயர், உண்மையில் சந்துகளின் கூட்டம். ஒரு கடையில் கனெக்டர் மட்டும், இன்னொன்றில் கேபிள் மட்டும், அடுத்ததில் பழைய லேப்டாப்பின் உள்ளுறுப்புகள். அந்த மாணவி எழுதிக் கொடுத்த பட்டியல் என் கையில் இருந்தது. யுஎஸ்பி டாங்கிள், கோஆக்ஸியல் கேபிள், ஒரு பெண் கனெக்டர், கொஞ்சம் செம்புக் கம்பி.

டாங்கிளின் கதை சுவையானது. அது விமானத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. வெளிநாடுகளில் கணினியில் டிவி பார்ப்பதற்காக மலிவு விலையில் வந்த பொருள். அதற்குள் இருக்கும் ஆர்டிஎல் 2832யு என்ற சில்லு, டிவி அலைகளைத் தவிர வேறு அலைகளையும் அப்படியே எண்களாக்கிக் கொடுக்கிறது என்பதை 2012-இல் ஆர்வலர்கள் உலகுக்குக் காட்டினார்கள். அதே ஆண்டு இத்தாலிய நிரலாளர் சால்வதோரே சான்பிலிப்போ, 'டம்ப்1090' என்ற மென்பொருளை எழுதி இலவசமாகப் பொதுவில் வைத்தார். அதுவரை பெரும் பணம் கேட்ட கருவியின் வேலையை ஒரு விரல் நீளச் சாதனம் செய்யத் தொடங்கியது.

ஆண்டெனாவைக் கடைக்காரர் மேசையிலேயே செய்துவிட்டோம். 1090 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபத்தேழரை சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, ஏறக்குறைய 69 மில்லிமீட்டர். செம்புக் கம்பியை ஸ்கேல் வைத்து அந்த நீளத்துக்கு வெட்டி, கனெக்டரின் நடு ஊசியில் நேராக நிற்கவைத்துப் பற்றவைத்தார். அதே நீளத்தில் இன்னும் நான்கு கம்பிகள், கனெக்டரின் நான்கு மூலைகளில், விரித்த குடையின் கம்பிகள்போலக் கீழ்நோக்கிச் சாய்த்து. ஈயம் உருகும் வாசனை, ஊதி ஆறவைத்தது, மல்டிமீட்டரில் ஒருமுறை தொட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். "எதைப் பிடிக்கப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னதும் கடைப்பையன் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

இந்தத் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மவுண்ட் ரோட்டில்தான் ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்தார். சமையலுக்குப் பெயர் பெற்றவர், விமானத்தின் மேல் பித்துக் கொண்டவர். சிம்ப்சன் நிறுவனத்தில் சொந்தமாக ஒரு விமானம் கட்டி 1910-இல் பல்லவரத்தில் பறந்து காட்டினார். இந்திய மண்ணில் நடந்த ஆரம்பகாலப் பறத்தல்களில் ஒன்று அது. ரேடியோவுக்கும் இதே ஊர்தான் முன்னால் நின்றது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் நண்பர்களோடு சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. அரசாங்கம் கேட்டுச் செய்ததல்ல, லாபத்துக்குச் செய்ததும் அல்ல. பணம் தீர்ந்து 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியபோது, டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போனது. 1930-இல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. ரேடியோ வாங்க வசதி இல்லாதவர்களுக்காக மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது 1938-இல்தான். காற்றில் வருவதைச் சேர்ந்து கேட்பது இந்த ஊருக்குப் புதுப் பழக்கம் அல்ல. ஆர்வலர்கள் தொடங்கி ஊர் எடுத்துக்கொண்ட பழக்கம். மாடியில் ரிசீவர் வைத்திருப்பவர்களை நான் அந்த வரிசையில்தான் சேர்க்கிறேன்.

தி.நகர்

பனகல் பூங்காவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு அடுக்ககம். ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுபவரின் வீடு. மொட்டைமாடியில் ஆண்டெனா வைக்கக் குடியிருப்போர் சங்கம் ஒத்துக்கொள்ளாததால், பால்கனிக் கம்பியில் பிவிசி பைப்பைக் கட்டி அதன் தலையில் நிறுத்தியிருக்கிறார். கிழக்கும் வடக்கும் கட்டடங்கள் மறைக்கின்றன.

தி.நகரில் கேட்பது கஷ்டம். காரணம் கட்டடம் மட்டுமல்ல. சுற்றிலும் கைப்பேசிக் கோபுரங்கள். 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அவை போடும் இரைச்சல், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் மெல்லிய 1090 குரலை அமுக்கிவிடுகிறது. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு பாண்டி பஜாரில் இருப்பவர் பேசுவதைக் கேட்க முயல்வதற்கு ஒப்பான காரியம். அவர் ஒரு ஃபில்டர் வாங்கிச் சேர்த்தார். 1090-ஐ மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுத்துவிடும், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உலோகத் துண்டு. அதன் பிறகு பெங்களூர் விமானங்களே காதில் விழத் தொடங்கின என்றார்.

அவருக்கு அபூர்வ விமானங்களைவிட அபூர்வ எண்களில்தான் கவனம். ஒவ்வொரு விமானத்துக்கும் கட்டுப்பாட்டு அறை நான்கு இலக்க எண் ஒன்று தரும். அவசரம் என்றால் விமானி அதை 7700 என்று மாற்றுவார். ரேடியோ பழுதானால் 7600. கடத்தல் என்றால் 7500. 7700 வந்தால் அவர் திரை சிவப்பாகிவிடும்.

"அதைப் பார்த்தா மனசு அடிச்சுக்கும் சார். பெரும்பாலும் யாருக்காவது நெஞ்சுவலியா இருக்கும். எங்கேயோ போற விமானம் நம்ம ஊருக்குத் திரும்பும். தரை தொட்டாச்சுன்னு தெரியறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

அவரால் எதுவும் செய்ய முடியாது. செய்ய வேண்டியவர்கள் செய்துகொண்டுதான் இருப்பார்கள். இருந்தாலும் முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தி.நகரில் ஒருவர் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறார். பொழுதுபோக்கு என்ற சொல் இதற்குப் போதாது என்று எனக்குத் தோன்றியது.

இதில் இன்னொரு நுட்பத்தை அவர்தான் பொறுமையாக விளக்கினார். எல்லா விமானமும் தன் இடத்தைச் சொல்வதில்லை. சில, முகவரியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். அப்படிப்பட்டதை ஒற்றை வீட்டு ரிசீவரால் வரைபடத்தில் வைக்க முடியாது. குரல் கேட்கும், இடம் தெரியாது. ஆனால் அதே குரல் நான்கு வீடுகளில் கேட்டிருந்தால் நிலைமை வேறு. ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். மயிலாப்பூருக்கு எப்போது வந்தது, தாம்பரத்துக்கு எப்போது, புதுச்சேரிக்கு எப்போது, திருப்பதிக்கு எப்போது என்று அந்த மைக்ரோ விநாடி வித்தியாசங்களைச் சேர்த்தால், குரல் கிளம்பிய புள்ளி கணக்கில் வந்து நிற்கும். வீடுகள் எவ்வளவு அகலமாகப் பரவியிருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத நான்கு பேர், தங்கள் கடிகாரங்களை ஒத்துவைத்துக்கொண்டு ஒரு விமானத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்தக் கலையின் உயிர்நாடி இதுதான். கட்டடங்களுக்கு இடையே அரைகுறையாகக் கேட்கும் தி.நகர் பால்கனிகூட அந்தக் கணக்கில் ஒரு புள்ளியாகிவிடுகிறது.

ஸ்வீடனில் 2006-இல் தொடங்கிய ஃபிளைட்ரேடார்24 போன்ற சேவைகள் இந்தக் கூட்டு உழைப்பின் மேல் நிற்பவைதான். பெட்டிகளில் பெரும்பாலானவை தன்னார்வலர்களின் வீட்டில் இருக்கின்றன. 2022 ஜூலையில் இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச மாலத்தீவிலிருந்து சிங்கப்பூருக்குப் போன சவுதியா விமானத்தை, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பின்தொடர்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு வெளியேறிய விமானமும் அப்படித்தான். ஆட்சியாளர்கள் ஊரை விட்டுப் போவதை மறுநாள் பத்திரிகையில் படித்த காலம் போய், போகும்போதே மக்கள் பார்க்கும் காலம் வந்தது மாடிக் கம்பிகளால்தான்.

மயிலாப்பூர்

அந்தி சாய்ந்த பின் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர். மாமி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு மாடி ஏறினோம். தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டிய குழாயின் உச்சியில் அவருடைய ஆண்டெனா. கனெக்டரைச் சுற்றி ரப்பர் டேப், அதன்மேல் எம்-சீல், அதற்கு மேல் இன்னொரு சுற்று டேப்.

"உப்புக்காத்து சார். ஆறு மாசம் கவனிக்காம விட்டா உள்ளே பச்சை பூத்துடும். அப்புறம் மெட்ராஸ் விமானமே கேட்காது" என்றார்.

அந்த உப்புக்காற்றைக் கொடுக்கும் கடல்தான் மயிலாப்பூரின் வரமும். கிழக்கே மறைக்க ஒன்றும் இல்லை. ரேடியோ அலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவுதான் அதன் எல்லை. 16 மீட்டர் உயரத்தில் ஆண்டெனாவும் 10,000 மீட்டர் உயரத்தில் விமானமும் இருந்தால் எட்டும் தூரம் சுமார் 430 கிலோமீட்டர். இங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 375. மாடவீதியில் பூ விற்கும் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே, திரையில் 770 என்று தொடங்கும் இலங்கை விமானம் ஒன்று யாழ்ப்பாணத்துக்கு மேல் நகர்வதைப் பார்த்தேன்.

இரவு ஏற ஏறத் திரை நிரம்பியது. வளைகுடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சிங்கப்பூர், கோலாலம்பூர் போகும் விமானங்கள் நம் தலைக்கு மேலே வரிசையாகக் கடலுக்குள் போகின்றன. நாம் தூங்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மயிலாப்பூரைக் கடக்கிறார்கள். அந்த வரிசையில் ஏதாவது மாறினால் அவருக்கு உடனே தெரியும். ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து நேர்கோட்டில் 80 கிலோமீட்டர்தான். ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கத்து வான்வெளியை மூடிவிடுவார்கள். கொல்கத்தாவுக்கும் போர்ட் பிளேருக்கும் போகும் விமானங்கள் அதைச் சுற்றி வளைந்து போவது திரையில் கோடாகத் தெரியும். புயல் நாட்களில் கடலுக்கு மேல் வட்டங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். இறங்க இடமில்லாமல் காத்திருப்பவர்களின் வட்டங்கள் அவை. பழைய குறிப்பேடுகளில் உக்ரைன் நாட்டு ஆன்டனவ் 124 வந்துபோன பதிவுகளும் இருந்தன. 508 என்று தொடங்கும் முகவரியைச் சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்.

2016 ஜூலை 22 தேதியிட்ட பக்கத்தில் அவர் நிறுத்தினார். அன்று காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில், 23,000 அடி உயரத்தில் ரேடாரிலிருந்து மறைந்ததாக அறிவித்தார்கள். கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் தேடின. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான் விடை வந்தது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கி வாகனம், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்திருந்தது. ஏஎன்-32 மறைவதற்கு ஓராண்டு முன், 2015 ஜூன் 8 இரவு, கடலோரக் காவல்படையின் டார்னியர் மூன்று பேரோடு மறைந்தது. அதைக் கடலடியில் கண்டெடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏஎன்-32 மறைந்த இடமும் உயரமும் மயிலாப்பூர் மாடிக்கு எட்டும் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் பேசும் விமானத்தைத்தான் கேட்க முடியும். படை விமானங்கள் பல நேரங்களில் மௌனமாகப் போகும். அதற்கான காரணங்கள் அவற்றுக்கு உண்டு. கடலுக்கு நடுவே கரையின் காதுகளும் எட்டாது. 2014 மார்ச் 8-இல் மலேசிய விமானம் எம்ஹெச்370 தென்சீனக் கடலுக்கு மேல் திரையிலிருந்து மறைந்த பிறகுதான், கடல்களுக்கு மேலும் கேட்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2019 முதல் இரிடியம் செயற்கைக்கோள்களில் ஏற்றிய ரிசீவர்கள் விண்ணிலிருந்தே அதே 1090 குரலைக் கேட்கின்றன.

கேட்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். கம்பியில்லாக் கருவிகளுக்கு 1933-லிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. எண்பதுகளின் நடுப்பகுதி வரை வீட்டு ரேடியோவுக்கே அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அவருடைய அப்பாவின் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. 2010-இல் டெல்லி விமான நிலையத்தின் அருகே கருவிகளோடு தங்கி விமானங்களைக் குறித்துக்கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதானார்கள். வாரக்கணக்கில் ஊர் திரும்ப முடியாமல் தவித்து, அபராதம் கட்டிய பிறகே விடுபட்டார்கள். அந்த வழக்கு இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் பாடம்.

"கன்ட்ரோல் ரூம் பேச்சைத் தொடமாட்டேன். படை விமானம் கண்ணுல பட்டா யாருக்கும் அனுப்பமாட்டேன். 2025 மே மாசம் எல்லையில சண்டை நடந்தப்ப பெட்டியையே அணைச்சு வெச்சுட்டேன். தெரிஞ்சுக்கறது வேற, தெருவுல போடறது வேற" என்றார்.

இந்த அடக்கம்தான் இந்தப் பழக்கத்துக்கு மதிப்பைத் தருகிறது என்று நான் நம்புகிறேன். இவர்கள் ஒட்டுக்கேட்பவர்கள் அல்ல. வெளிப்படையாகச் சொல்லப்படுவதை, சொல்லப்பட்ட அளவுக்கு மட்டும், ஒழுங்காகக் கேட்டுக் குறித்துவைப்பவர்கள். சென்னை மாதிரி ஒரு ஊரில் வானத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது சத்தம் மட்டுமே. அதற்குப் பெயரும் காரணமும் கொடுக்கிறார்கள் இவர்கள். 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படையின் சாகசத்தைப் பார்க்க லட்சக்கணக்கானவர்கள் மெரினாவில் குவிந்தார்கள். வெயிலில் ஐந்து உயிர்கள் போன துயரத்தையும் தாண்டி, இந்த ஊருக்கு வானத்தின் மேல் எவ்வளவு ஆசை என்பதை அந்தக் கூட்டம் காட்டியது. அந்த ஆசைக்கு ஆண்டு முழுவதும் தீனி போட ஒரு மாடியும் சில ஆயிரம் ரூபாயும் போதும்.

அது பள்ளிகளில் தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். அலைநீளம், வேகம், முக்கோணக் கணிதம், பூமியின் வளைவு என்று பாடப்புத்தகத்தில் தனித்தனியாகக் கிடப்பதெல்லாம் இந்த ஒரு கம்பியில் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதிலும் கடலோரப் பள்ளிகளில். பழவேற்காடு, கடலூர், நாகப்பட்டினம், வேதாரண்யம், இராமேஸ்வரம் என்று கரை நெடுக, முறையாகக் கல்வித் துறையிடமும் தொலைத்தொடர்புத் துறையிடமும் கேட்டு, பள்ளி மாடிகளில் ரிசீவர்கள் நின்றால், வங்கக் கடலின் மேல் பறக்கும் ஒரு குரலை ஒரே நேரத்தில் ஐந்து ஊர்ப் பிள்ளைகள் கேட்பார்கள். கடிகாரங்களை ஒத்துவைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். கடலுக்குப் போன அப்பாவுக்காகக் கரையில் காத்திருந்து பழகிய பிள்ளைகளுக்கு, ஒரு குரல் திடீரென்று நின்றால் அதற்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை மயிலாப்பூர்க்காரரிடம் சொன்னபோது, எந்த ஊர்த் தலைமையாசிரியர் கூப்பிட்டாலும் பஸ் ஏறி வந்து கட்டிக்கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். கோட்டூர்புரம் மாணவியிடம் போனில் பேசினேன். ஆண்டெனாக்களைத் தானே பற்றவைத்துத் தருவதாகவும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே ஸ்கேல் வைத்து 69 மில்லிமீட்டரை அளந்து வெட்டட்டும் என்றும் சொன்னார். ஆள் தயார், கம்பி தயார். இனி வேண்டியது மாடிச் சாவியை எடுத்துக் கொடுக்கும் ஒரு பள்ளிக்கூடம்.